முப்பத்தொன்றாவது இடம்

ஞாயிறு காலை பத்தரை. ஃப்ளாண்டர்ஸில்
சர்க்கரைக் கிழங்கு தோண்டி முடித்த வயல்.
இரவெல்லாம் பெய்தது இன்னும் வடியவில்லை.
என் முதுகில் எண்ணைக் குத்துகிறவள் மக்தெல்ட்,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
நான்கு ஊக்குகள். ஒன்று தோலில்.
"தெரியாமப் பட்டிருச்சு" என்கிறாள், தெரிந்தே.
போன வாரம் நான் முப்பத்தொன்று, அவள் முப்பத்திரண்டு.

முப்பத்தொன்றுக்கு என்ன பரிசு என்று
மகன் சீபெ கேட்டான்.
ஒன்றுமில்லை.
முப்பதுக்கும் ஒன்றுமில்லை என்றேன், ஆறுதலாக.

டயரில் காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கி
கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன்,
பேரிக்காய் பழுத்ததா என்று பார்ப்பதுபோல்.
விசில்.
நாற்பது பெண்கள் ஒரே வளைவுக்குள்
ஒரே நேரத்தில் நுழையப் பார்க்கிறார்கள்.
வளைவு சம்மதிக்கவில்லை.

முதல் சுற்றில் சேறு, சேறாகத்தான் இருந்தது.
இரண்டாவதில் களி.
மூன்றாவதில் பெயரில்லாத ஏதோ ஒன்று
சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே குடியேறி
வாடகை தராமல் உட்கார்ந்துகொண்டது.
எட்டு கிலோ சைக்கிள் பதினான்கு.
அதைத் தோளில் தூக்கிக் கால்வாய்க் கரை ஏறுகிறேன்.
யாரை யார் சுமப்பது என்று
கயிற்றுக்கு அப்பால் கசாப்புக்கடை ஓடிலோன்
சுற்றுக்கு ஒருதரம் கேட்கிறார்,
கையில் பியர், வாயில் பொரித்த உருளைக்கிழங்கு.
"ஃபீர்லெ, உன் மருந்துக்கடையில இதுக்கு மாத்திரை இல்லையா?"
இருந்தால் நானே விழுங்கியிருப்பேன், ஓடிலோன்.
மூச்சு இருந்திருந்தால் அதைச் சொல்லியுமிருப்பேன்.

இதயம் காதுக்குள் அடிக்கிறது.
நாக்கில் இரும்பு. பல்லில் வயல்.
பாப்லர் மரங்கள் கடைசி மஞ்சளையும்
எங்கள் மேல் உதிர்க்கின்றன,
ஆளை மாற்றி நினைத்துக்கொண்டு.

மணற்குழியில் மக்தெல்ட் என்னைக் கடக்கிறாள்,
பலகைத் தடையில் நான் அவளை.
பிறகு வேலிமூலையில் இருவரும் சேர்ந்தே விழுந்தோம்.
எந்தக் கால் யாருடையது என்று பிரிக்கச் சற்று நேரம்.
"எந்திரி! பின்னால பல் டாக்டர் வர்றா!"
பல் டாக்டரை எங்கள் இருவருக்குமே பிடிக்காது.
எழுந்தோம்.

இப்போது கணக்கு சொல்கிறேன், கேளுங்கள்.
முதலில் ஓட்டுகிறவள் பத்தொன்பது வயதுக்காரி,
எங்களைவிட ஒரு சுற்று முன்னால்,
அதாவது எங்களுக்குப் பின்னால்.
கோட்டுக்கு முன் அவள் எங்களைத் தாண்டிவிட்டால்
எங்கள் பந்தயமும் அங்கேயே முடிந்தது.
தாண்டாவிட்டால் இன்னொரு சுற்று: கரை, மணல், ஓடிலோன்.
அரைமணி நேரமாக அவள் வரவேண்டும் என்றுதான்
எனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லோரிடமும் மன்றாடினேன்.

இதோ வந்துவிட்டாள். அவள் சங்கிலியின் ஓசை,
எண்ணெய் போட்ட, அவசரமில்லாத ஓசை.
கோட்டுக்கு எண்பது மீட்டர்.
பிரேக்கைத் தொட்டால் போதும்.

மக்தெல்ட் என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்த்தேன்.
இருவரும் இருக்கையைவிட்டு எழுந்து
கழுதைகளைப் போல மிதித்தோம்.

ஒரு சக்கர நீளத்தில் தப்பித்தோம்,
எதிலிருந்து என்று கேட்காதீர்கள்.
பின்னால் அந்தப் பெண் கைகளை உயர்த்தி ஜெயித்தாள்.
பல் டாக்டர் நிறுத்திவிட்டுச் சூப் வாங்கப் போனாள்.
எங்களுக்கு மட்டும் வயல் முழுதும் மறுபடி,
ஆளில்லாமல், மழை தொடங்க,
மணியாட்டியவர்கள் மணியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்க.
ஓடிலோன் மட்டும் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்றினார், அல்லது தலை சொறிந்தார்.

முடிந்தபின் ஹெல்மெட் பூட்டைத் திறக்க விரல்கள் வரவில்லை.
மக்தெல்ட்தான் திறந்தாள், பல்லால்.
தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றபோது
பற்கள் கிடுகிடுக்க இருவரும் சிரித்தோம்,
காரணம் நினைவில்லை.
முப்பத்தொன்று யார் என்று அவளிடம் கேட்காதீர்கள்.
தப்பாகச் சொல்லுவாள்.

திங்கள். மருந்துக்கடை.
இருமல் மருந்துக்கு வந்தவருக்கு
எத்தனை வேளை என்று எழுதக் குனிந்தபோது
என் காதிலிருந்து சிறு மண்கட்டி ஒன்று
கண்ணாடிமேல் விழுந்து உடைந்தது.
அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"சாப்பாட்டுக்குப் பின்" என்றேன்.